ஓநாய்க்குக் கட்டிய மணி

என் கல்யாணச் சீர்வரிசையில் குரைப்பது ஒன்றும் இருந்தது. எங்கள் உறவில் ஆடு வைத்திருக்கிற வீடுகளில் பெண்ணோடு கொஞ்சம் செம்மறிகளை ஓட்டிவிடுவார்கள். புது இடத்தில் அவை மிரளாமல் இருக்க, அதே மந்தையில் வளர்ந்த நாய் ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். வெண்கலப் பானைகளும் வந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாய் செவலை நிறம், பொட்டை. செவலை என்றே கூப்பிட்டோம். மாமியார் இல்லாத வீட்டுக்குப் போகிறாய், பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்று என் நைனா அதன் கயிற்றை என் கையில் கொடுத்தார். துணையாகத்தான் இருந்தது. அந்த வீட்டு மனிதர்களைப் பற்றி அப்படிச் சட்டென்று சொல்லிவிட எனக்கு வாய் வராது.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருந்தது. வீட்டில் என் கணவரும் அவருடைய அப்பாவும்தான். மாமனாரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் பேசினால் திட்டுவதுபோல இருக்கும், திட்டினால் பேசுவதுபோல இருக்கும். கணவர் கல்யாணத்துக்கு முன்பு மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாக இருமி, ஊருக்குத் திரும்பினார். இனிமேல் பாரம் தூக்கினால் பிழைக்க மாட்டாய் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகுதான் ஆடு. வானம் பார்த்த வேர்க்கடலை நிலம் ஒரு துண்டு இருந்தது, அதை நம்பி ஒருவர்கூடச் சாப்பிட முடியாது. அடுத்தவர் நிலங்களில் எருவுக்காக மந்தையை மடக்கினால் கேழ்வரகும் நெல்லும் தருவார்கள். அதில் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஆகவே எனக்குக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். மந்தை இருந்தால் இவர் ஊரில் இருப்பார். மந்தை போனால் மறுபடி மூட்டை தூக்கப் போவார், போனால் திரும்ப மாட்டார். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் படுத்திருக்கும்போது நெஞ்சில் கேட்கிற சத்தத்தை வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்துபோய், எல்லையில் இருந்த எங்களைப் போன்ற ஊர்கள் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் கிடந்த வருஷங்கள் அவை. இன்றைக்கு ஒரு கூட்டம் வந்து ஊர் தமிழ்ப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டுப் போகும். நாளைக்கு வேறொரு கூட்டம் தெலுங்கில் பேசி, நாங்கள் அந்தப் பக்கம் என்று கைதட்ட வைக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு கூட்டத்துக்கும் கைதட்டினார்கள், இரண்டு பேரிடமும் மோர் வாங்கிக் குடித்தார்கள். ஓநாய்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மழை பொய்த்து மலையில் முயலும் மானும் அற்றுப்போனதும் அவை நேராக எங்கள் பட்டிகளுக்கு வந்தன.

ஊரில் ஒரே ஒருவரிடம்தான் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸை எந்த ஊரில் புதுப்பிப்பது என்று தெரியாமல் அவர் அதை எண்ணெய் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். என் கணவர் ஓர் ஆபீசுக்கு நடந்துபோய், ஓநாய் சுட ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டார். "மீ ஊரு எவரிதோ இங்கா தேலலேது" என்றாராம் அங்கே இருந்தவர். உங்கள் ஊர் யாருடையது என்றே இன்னும் தீரவில்லை, இதில் ஓநாய் யாருடையது என்று நான் எப்படிச் சொல்வது என்று சிரித்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் செவலைக்கு ஜோடியாக இருந்த பட்டி நாயை ஓநாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. செவலை ஒருத்தியாக மந்தையைச் சுற்றிச் சுற்றி ஓடித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது.

காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. அங்கே போன இடத்தில், குப்பம் ஊர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரை இவர் சந்தித்தார். அவரோடு கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய். அதன் அப்பன் ஓநாய் என்றார் அவர். பொட்டை நாய் பருவத்துக்கு வரும்போது காட்டோரம் கட்டிவைத்தால் ஓநாய் வந்து சேரும், அந்தக் குட்டிகளுக்கு ஓநாயைக் கண்டு பயம் இருக்காது என்றார். இவர் நம்பவில்லை. அந்த ஆள் விடுவிடுவென்று குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டார். காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் திருடனுக்கும் துணிச்சல் வராது. இவர் முடிவெடுத்த கையோடு வீட்டுக்கு வந்தார்.

"ஓநாயா? செந்நாயா?" என்று கேட்டார் மாமா. திருப்பதி மலைப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவர் செந்நாயோடு சேர்க்கப் பொட்டையைக் கட்டிவைத்தாராம். காலையில் போனால் சங்கிலி மட்டும் இருந்ததாம். "ஓநாய் பரவால்ல. அதாச்சும் நாய்க்கு ஒறமொற. செந்நாய் வேற சாதி" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் கத்தினேன். எனக்கு அப்போது மூன்று மாதம், வாந்தியும் தலைசுற்றலுமாக இருந்தேன், அதனால் இன்னும் கொஞ்சம் கூடவே கத்தினேன்.

"அது எங்க வூட்லர்ந்து வந்த நாயி. அத்த இட்டுகினு போயி ஓநாய்க்குக் கட்டுவீங்களா? அதுக்குப் புடிச்சா அதுவே போவட்டும். இன்னாத்துக்குச் சங்கிலி?"

"கட்டலன்னா உன்கிட்ட ஓடியாந்துடும்" என்றார் இவர். "எது பயந்தாலும் வூட்டுக்குத்தான ஓடியாரும்."

அந்தப் பேச்சை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

மலையடிவாரத்தில் காட்டோடை ஓரம், ஓநாய்கள் தண்ணீர் குடிக்கிற பள்ளத்துக்குப் பக்கத்தில், ஒரு வேல மரத்தில் செவலையைக் கட்டினார்கள். மனுஷ வாடை படக்கூடாது என்று என்னைப் பக்கத்தில் விடவில்லை. இவர் தூரத்தில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அது குரைத்தது கேட்டது. பிறகு ஊளையிட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் களி கிண்டுகிற துடுப்பை அடுப்படியில் ஓங்கி அடித்து உடைத்தேன். உடைந்த துடுப்பைப் பார்த்த மாமா புதிதாக ஒன்று செதுக்கிக் கொடுத்தார். அந்த மனிதர் எனக்குச் செய்த முதல் நல்ல காரியம் அது.

சில நாள் கழித்துச் செவலையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு காது கிழிந்திருந்தது. களி வைத்தேன், மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டது. வழக்கமாக என் புடவைத் தலைப்பை இழுத்து விளையாடுகிற நாய், அதற்கப்புறம் ஒரு நாளும் இழுக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். நாய்க்கு என்ன தெரியும் என்பார்கள். அதற்குத் தெரியும் என்றுதான் நான் சொல்வேன்.

தை மாதக் குளிரில் குட்டி போட்டது. தங்கியது ஒன்றே ஒன்று. கடுவன், சாம்பல் நிறம், கண் மட்டும் மஞ்சள். ஊரே வந்து பார்த்தது. "இது ஆந்திராவா, மெட்ராஸா?" என்று கேட்டு, அவர்களே சிரித்துக்கொண்டார்கள். என் கணவர் அந்தக் கேலிக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். குட்டியின் பாதத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார், பாருங்கள் என்ன அகலம் என்று. எனக்குப் பெண் பிறந்தபோதுகூட இவ்வளவு பேரை அவர் கூப்பிட்டுக் காட்டவில்லை.

குட்டி மளமளவென்று வளர்ந்தது. ஆனால் குரைக்கவில்லை. வாயைத் திறக்கும், கொட்டாவிபோல ஒரு காற்று வரும், மூடிக்கொள்ளும். அசலூர் ஆள் ஒருவர் படியேறினால் போதும், ஓடிவந்து கேழ்வரகுக் குதிருக்குப் பின்னால் புகுந்துகொள்ளும். அடுத்த வீட்டுச் சேவல் சண்டைக்கு வந்தாலும் அதே குதிர்தான். என் கையால் வைத்தால் மட்டுமே தின்னும். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தால் காலடியில் வந்து படுக்கும், குழந்தை அழுதால் காதை மடக்கிக்கொள்ளும். இவ்வளவு பயந்த பிறவியை நான் பார்த்ததில்லை. ஓநாய் ஏன் காட்டில் இருக்கிறது? மனிதனைக் கண்டு பயந்துதானே இருக்கிறது. இதை யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"குலைக்காத நாயி பட்டிக்கு எதுக்குடா?" என்றார் மாமா. "ஓநாய் வந்தா ஒனக்கு யாரு சொல்லுவா? பேசாம தொரத்திவுடு."

"இருக்கட்டும் நைனா. வளந்தா சரியாப் பூடும்."

ஆவணியில் மந்தையின் முன்கிடா போய்ச் சேர்ந்தது. ஆடு வைத்திருக்கிறவர்களுக்கு முன்கிடா என்றால் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மந்தைக்கு முன்னால் நடக்க ஒரு கிடாவைப் பழக்கி, அதன் கழுத்தில் மணி கட்டியிருப்போம். செம்மறி தலையைத் தொங்கப்போட்டு நடக்கிற ஜாதி, வழியைப் பார்க்காது. மணிச்சத்தம் போகிற பக்கம் போகும், நின்றால் நிற்கும். எங்கள் கிடாவைப் பட்டப்பகலில் ஓநாய்கள் இழுத்துப்போய்விட்டன. புதரில் தோல்வாரும் மணியும்தான் கிடைத்தன. இவர் அதைக் கழுவிச் சுவரில் ஆணியில் மாட்டினார்.

அந்த மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு நாள் யோசனை வந்தது. சாம்பல் நாய்க்குக் குரல்தானே இல்லை? மணியைக் கட்டிவிட்டால் அது ஓடினால் தெரியும், ஓநாய் வந்தது தெரியும், தடியோடு நாம் போய்விடலாம். கட்டினார். முதல் நாள் அது தன் கழுத்துச் சத்தத்துக்கே பயந்து முற்றத்தில் சுற்றிச் சுற்றி ஓடிக் குதிருக்குப் பின்னால் விழுந்தது. நான் சிரித்துச் சிரித்துக் குழந்தையைக் கீழே விடப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது.

மந்தையோடு அதை ஓட்டிக்கொண்டு போனபோதுதான் ஆச்சரியம். மணிச்சத்தம் கேட்டதும் ஆடுகள் எல்லாம் காதைத் தூக்கின. அவை பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். கிடா போனதிலிருந்து திக்குத் தெரியாமல் அலைந்தவை, ஒழுங்காக வரிசை கட்டி நாய்க்குப் பின்னால் நடந்தன. ஓநாய்க்குப் பிறந்தது முன்னால் போகிறது, செம்மறி மந்தை அதை நம்பிப் பின்னால் போகிறது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள் வரப்பில் நின்று வாயைப் பிளந்தார்கள். ஒருவர்கூட அதில் என்ன தப்பு என்று சொல்லவில்லை.

மாமா சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். "ஒரு நாயில ரெண்டு வேல வாங்கிட்டானே" என்று மகனைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. இவர் இருமல்கூட அந்த மாதங்களில் குறைந்தது, அல்லது நான் கவனிப்பதை விட்டேன்.

எங்கள் வீட்டுக்கும் மேய்ச்சல் காட்டுக்கும் நடுவில் ஒருவருடைய வேர்க்கடலைக் காடு இருந்தது. அதில் அகலமாகப் புதுக் கிணறு வெட்டியிருந்தார். சுற்றுச்சுவர் எழுப்ப உதவி கேட்டு எந்தச் சர்க்காரிடம் போவது, எல்லை முடியட்டும் பார்க்கலாம் என்று சுவர் இல்லாமலே விட்டுவிட்டார். தரையோடு தரையாகக் கிணறு. அதன் விளிம்புக்கும் முள்வேலிக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குத் தடம். வீட்டுக்குக் குறுக்கு வழி அது. ஆடுகளை இவர் சுற்றி ஓட்டிக்கொண்டு வருவார். நாய் மட்டும் தனியாக வரும்போது அந்தத் தடத்தில் வந்துவிடும்.

மார்கழி. பொழுது சாய்கிற நேரம். நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மணிச்சத்தம் கேட்டது. இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டார், பனி விழுவதற்குள் வந்தாரே என்று சந்தோஷப்பட்டேன். அதை நான் மறக்கவில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது, சந்தோஷம்தான் பட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆடுகள் குடிக்கக் கல்தொட்டியில் தண்ணீரை ஊற்றினேன். மணி வேகமாக வந்தது. சாம்பல் நாய் வாசலில் நுழைந்து, என் காலில் மோதி, உள்ளே ஓடிக் குதிருக்குப் பின்னால் புகுந்தது. அங்கேயும் மணி நிற்கவில்லை. அது அப்படி நடுங்கியது.

நான் தொட்டியண்டை நின்று பாதையைப் பார்த்தேன். புழுதி எழவில்லை. ஒரு ஆட்டுச் சத்தமும் இல்லை.

ரொம்ப நேரம் கழித்து இவர் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். கையில் தடி இல்லை, துண்டு இல்லை.

"கெணறு" என்றார்.

பிறகு துண்டு துண்டாகச் சொன்னதுதான். ஓநாய்கள் ஓடைப் பக்கமிருந்து வந்தன. செவலை எதிரே ஓடிக் குரைத்துக்கொண்டு நின்றது. அதன் மகன் ஒரு தடவை பார்த்தது, வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. மணி ஓடியது, மந்தையும் அதன் பின்னால் ஓடியது. இவர் கத்திக் கத்திக் கூப்பிட்டார், நெஞ்சடைத்து விழுந்தார். நாய் கிணற்றோரத் தடத்தில் நுழைந்து வந்துவிட்டது. ஆடுகளுக்கு அந்தத் தடம் போதவில்லை. முன்னால் போனது விழுந்தது, அதன் பின்னால் வந்தது விழுந்தது, மணிச்சத்தம் அக்கரையில் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒன்றும் நிற்கவில்லை.

ஊர் ஆட்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். உயிரோடு மேலே வந்தவற்றை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். அன்றைக்கு ஓநாய்கள் தின்றது ஒரே ஒரு குட்டியை. செவலை அது நின்ற இடத்திலேயே கிடந்தது, குடல் வெளியே வந்து. என் நைனா என் கையில் கொடுத்த கயிறு வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். ஆடுகளுக்கா, செவலைக்கா, இனிமேல் நடக்கப்போவதற்கா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

மாமா கடப்பாரையை எடுத்துக்கொண்டு குதிருக்குப் போனார். இவர் குறுக்கே போய் நின்றார்.

"வுடு நைனா. அது மேல இன்னா தப்பு? பயந்துச்சு, வூட்டுக்கு வந்துச்சு. அவ்ளோதான்."

"நீ கட்டுன மணிடா அது."

"ஆமா. நான் கட்னதுதான்."

குனிந்து மணியை அவிழ்த்தார். கழுவவில்லை, அப்படியே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார். மாமா கடப்பாரையோடு தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளைபோல அழுதார்.

காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்த ஆளை ஊரில் பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே. நாய் ஓநாய்க்குத்தான் பிறந்திருந்தது.

பொங்கல் முடிந்து இவர் மெட்ராசுக்குக் கிளம்பினார். போகாதீர்கள் என்று காலைப் பிடித்தேன். நான் கூலிக்குப் போகிறேன், நாற்று நடுகிறேன், கல் உடைக்கிறேன் என்றேன்.

"போவாம இன்னாத்தத் துன்றது?" என்றார். "அழுவாத. முடியலன்னா ஓடியாந்துடறேன்."

புத்தூர் ஸ்டேஷனுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். ரயிலில் ஏறும்போதே இருமினார். இரண்டு பொங்கலுக்கு வந்தார், ஒவ்வொரு தடவையும் இளைத்து வந்தார். மூன்றாம் பொங்கலுக்கு முன்பே, கூட வேலை செய்தவர்கள் உடலை வண்டி வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். அந்தக் காலத்தில்தான் எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்து, கல் நட்டார்கள். நாங்கள் ஆந்திரா என்று சொன்னார்கள். யாரோ இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி மாமாவிடம் கொடுத்தேன், அவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சாம்பல் நாயை நான் துரத்தவில்லை. அது கிழடாகும்வரை என்னோடுதான் இருந்தது. சாயங்காலங்களில் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்று, பின்னால் ஏதாவது வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு கோடையில் குதிருக்குப் பின்னாலேயே செத்துப்போனது.

இப்போது திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறேன். அன்றைக்கு என் இடுப்பில் இருந்தவள்தான், அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஊர் முழுக்க மணிச்சத்தம் உள்ள ஊரில் வந்து விழுந்திருக்கிறேன். மகள் விளக்கேற்றி மணி அடித்துக் கற்பூரம் காட்டும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கிழவிக்குச் சாமி மேல் என்ன கோபமோ என்று மாப்பிள்ளை நினைக்கிறார், நினைக்கட்டும். கேட்டில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பேன். மணிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல் என்னால் உள்ளே நிற்க முடிவதில்லை.